வீட்டை விட்டுப் போவது யார்?

பாரிஸ் நகரத்து அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் மேலே ஏறுகிறது. உள்ளே இரண்டே பேர். ஒருவன் வீடு பார்க்க வந்தவன். மற்றவள் வீடு காட்ட வந்த தரகர். கப்ரியேல் என்பது அவள் பெயர். மணமானவள், பிள்ளை பெற்றவள், கணவனுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு இருக்கிறதென்ற சந்தேகத்தைப் பல நாளாக வாய்க்குள் வைத்திருப்பவள். எதிரே நிற்பவனை முன்பொரு நாள் இசைத்தட்டுக் கடையில் பார்த்திருக்கிறாள். இருவரும் ஒரே பாட்டைக் கேட்டபடி நின்றார்கள்; ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது லிஃப்ட் ஏறிக்கொண்டே இருக்கிறது. எந்த மாடியில் நின்றது, கதவு திறந்ததா என்பதையெல்லாம் சொல்லாமலே படம் முடிந்துவிடுகிறது.

2004 இல் வெளியான அந்தப் பிரெஞ்சுப் படத்தை எழுதி, இயக்கி, கணவனாகவும் நடித்தவர் இவான் அத்தால். மனைவியாக நடித்த சார்லொட் கேன்ஸ்பூர்க் வாழ்க்கையிலும் அவருடைய துணைவி. இசைத்தட்டுக் கடை அந்நியனாக வந்துபோகிறவர் ஹொலிவூட்டின் ஜொனி டெப். படத்தின் பெயரைத் தமிழில் சொன்னால், 'அவர்கள் மணம் முடித்து நிறையப் பிள்ளைகள் பெற்றார்கள்' என்று வரும். நம் பாட்டிமார் கதையை 'சுகமாக வாழ்ந்தார்கள்' என்று முடிப்பதுபோல, பிரெஞ்சுப் பாட்டிமார் கதை முடிக்கும் வரி அது. கதை முடிகிற இடத்திலிருந்து படத்தைத் தொடங்கியிருக்கிறார் அத்தால்.

சிரிக்கவைத்தபடியே கல்யாணத்தைக் குடைந்து பார்க்கும் இந்த வகைப் படம் பிரான்ஸுக்குப் பழக்கமானது. எரிக் ரொமேர் 1972 இல் எடுத்த படத்தில், காதலியின் அறைவரை போன கணவன் கடைசி நிமிடத்தில் படியிறங்கி ஓடி மனைவியிடம் திரும்புகிறான். 1975 இல் வந்த 'கூசான் கூசீன்' படத்தில், துணைகளால் ஏமாற்றப்பட்ட இரு உறவினர்கள் தங்களுக்குள் நெருங்கி, ஈற்றில் இரு குடும்பங்களையும் விட்டுப் புறப்படுகிறார்கள். அது ஒஸ்கார் பரிந்துரைவரை போய், 1989 இல் ஆங்கிலத்திலும் மறுபிறவி எடுத்தது. இந்தப் படங்களில் யார் யாரைக் காதலித்தார் என்பது நாளடைவில் மறந்துபோகிறது. வீட்டுக்குள் இருந்தது யார், வெளியே போனது யார் என்பதுதான் நினைவில் நிற்கிறது.

பெட்டி: பிரெஞ்சுச் சட்டம் காவல் காத்தது எதை?

1804 இல் நெப்போலியன் காலத்தில் வந்த குடியியல் சட்டக்கோவையின்படி, மனைவி துரோகம் செய்தால் கணவன் மணவிலக்குக் கேட்கலாம். கணவன் துரோகம் செய்தால் மனைவி கேட்க முடியாது. அவன் வைப்பாட்டியைத் தம்பதியரின் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருந்தால் மட்டும் கேட்கலாம்.

1810 தண்டனைக் கோவையில், துரோகம் செய்த மனைவிக்கு மூன்று மாதம் முதல் இரண்டு வருடம்வரை சிறை. கணவனுக்கு வெறும் அபராதம், அதுவும் வைப்பாட்டி வீட்டுக்குள் இருந்தால்தான்.

1816 இல் மணவிலக்கே ஒழிக்கப்பட்டது; 1884 இல் திரும்ப வந்தது. துரோகம் குற்றம் என்ற நிலை 1975 இல் நீங்கியது. ஆனாலும் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் விசுவாசமாக இருக்கக் கடமைப்பட்டவர்கள் என்ற 212 ஆம் உறுப்புரையை நகர மேயர் இன்றும் மணமக்கள் முன்னே வாசிக்கிறார்.

ஒரு பெயர், இரண்டு லீலாவதி

தமிழில் இந்தக் கதைக்கு 'சதி லீலாவதி' என்று பெயர், ஒரு தடவையல்ல, இரண்டு தடவை. முதலாவது 1936 இல் வந்தது. எஸ். எஸ். வாசன் எழுதிய கதை, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கம், எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றிய படமும் அதுதான். குடிக்கும், வேறொரு பெண்ணின் மயக்கத்துக்கும் ஆளான கணவன், கொலை செய்துவிட்டதாகப் பயந்து ஊரைவிட்டு ஓடுகிறான். ஓடிவந்து சேரும் இடம் இலங்கைத் தேயிலைத் தோட்டம். அங்கே கூலியாக மாடாய் உழைத்து, புத்தி தெளிந்து, வீடு திரும்புகிறான். அவ்வளவு காலமும் லீலாவதி காத்திருக்கிறாள். அந்தப் பொறுமைக்குத்தான் பெயரிலே 'சதி' என்ற பட்டம்.

இரண்டாவது 'சதி லீலாவதி' 1995 பொங்கலுக்கு வந்தது. தயாரிப்பு கமல்ஹாசன், வசனம் கிரேசி மோகன், இசை இளையராஜா. ரமேஷ் அரவிந்த் நடித்த அருணுக்குத் தன் மனைவி பருமனாக இருப்பது வெட்கமாயிருக்கிறது. ஹீரா நடித்த பிரியாவிடம் போய்ச் சேர்கிறான். பெங்களூருக்குப் போன இடத்தில் கோயம்புத்தூர் நண்பன் சக்திவேல் கவுண்டர் குடும்பத்தோடு எதிர்ப்படுகிறான். அதற்குப் பிறகு பொய்க்குமேல் பொய்யாகக் கட்டி எழுப்பும் வேடிக்கைதான் படத்தின் முதுகெலும்பு. கமலும் கோவை சரளாவும் பேசும் கொங்குத் தமிழுக்குத் தமிழ்நாட்டில் வயிறு வலிக்கச் சிரித்தவர்கள் பலர். கிழக்கிலங்கையில் அந்தப் பேச்சு புரிய ஓர் அரைமணி நேரம் பிடிக்கும். புரிந்தபின் அதே சிரிப்புத்தான்.

இந்தப் படத்துக்குத் தூண்டுதல் 1989 இல் வந்த 'ஷீ டெவில்' என்ற அமெரிக்கப் படம். அதில் கணவன் தன் சொத்துகளை நான்காக எண்ணுவான்: வீடு, குடும்பம், தொழில், சுதந்திரம். மனைவி அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழிப்பாள். முதலில் அழிவது வீடு. தமிழ் லீலாவதி வீட்டைத் தொடவில்லை. ஒரு பெண் தன் வீட்டைத் தானே கொளுத்துவதைத் தமிழ்ச் சபை நகைச்சுவையாக ஏற்றுக்கொள்ளாது என்று இயக்குநர் கணித்திருக்க வேண்டும். கடைசியில் அருண் திரும்பி வருகிறான், வாசல் திறந்திருக்கிறது, படம் சுபம். நடிகை கல்பனா அந்த மனைவியை உயிரோடு நடித்திருக்கிறார். ஆனால் அவருடைய உடம்பை வைத்துப் பின்னிய கேலிகள் முப்பது வருடத்தில் நன்றாகவே புளித்துவிட்டன. படம் இந்தியில் 'பீவி நம்பர் 1' என்று 1999 இலும், கன்னடத்தில் 'ராம ஷாம பாமா' என்று 2005 இலும் வந்தது. அங்கேயும் கணவன் திரும்பினான், அங்கேயும் வாசல் திறந்திருந்தது.

அமிர்தகழிக்காரரின் மூன்று மனைவியர்

1995 ஆம் ஆண்டு 'சதி லீலாவதி'யை இயக்கியவர் பாலு மகேந்திரா. 1939 இல் மட்டக்களப்பு வாவிக் கரையில், மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கும் அமிர்தகழியில் பிறந்தவர். அதே கிழக்குக் கரையிலுள்ள மருதமுனை என்ற ஊரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பஸ் பயணம். பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, கன்னடத்தில் 'கோகிலா'வோடு 1977 இல் இயக்குநரானவர், எட்டு வருட இடைவெளிக்குள் தமிழில் மூன்று தடவை ஒரே கேள்விக்குத் திரும்பி வந்தார்: கணவன் இன்னொருத்தியிடம் போனால் மனைவி என்ன செய்வாள்?

1987 இல் 'ரெட்டை வால் குருவி'. மோகனுக்கு அர்ச்சனாவும் மனைவி, ராதிகாவும் மனைவி. இருவரும் ஒரே நேரத்தில் கர்ப்பம். 'மிக்கி அன்ட் மோட்' என்ற அமெரிக்கப் படத்தின் சாயல். இரண்டு வீடுகளுக்கு நடுவே ஓடும் ஆண் களைத்துப்போவதில் சபை சிரிக்கிறது. ஓடுகிறவன் களைப்பைத்தான் படம் பார்க்கிறது. காத்திருக்கிறவர்களின் களைப்பை அவ்வளவாகப் பார்க்கவில்லை.

1993 இல் வந்த 'மறுபடியும்' வேறு ரகம். மகேஷ் பட் 1982 இல் எடுத்த 'அர்த்' படத்தின் தமிழ் வடிவம். ரேவதி, நிழல்கள் ரவி, ரோகிணி, அரவிந்த்சாமி. 'அர்த்' கதையின் நாயகி பெற்றோர் இல்லாமல் வளர்ந்தவள்; சொந்தமாக ஒரு வீடு என்பது அவளுடைய பெருங்கனவு. ஒரு நாள் கணவன் புது வீட்டுச் சாவியைக் கையில் வைக்கிறான். அது மற்றப் பெண்ணின் பணத்தில் வாங்கிய வீடு என்று பின்னால் தெரிகிறது. அவள் சாவியை விட்டுவிட்டு வெளியே போகிறாள். காலம் கடந்து கணவன் திரும்பி வரும்போது, அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. பாலு மகேந்திராவும் தமிழ்ச் சபைக்காக அந்த முடிவை மாற்றவில்லை. மூன்றில் நேர்மையானது இதுதான். மூன்றில் சிரிப்புக் குறைந்ததும் இதுதான்.

இவற்றுக்கு நடுவே, 1988 இல், அவர் எடுத்த படத்தின் பெயரே 'வீடு'. சென்னையில் ஓர் அலுவலகப் பெண் கடன்பட்டு ஒரு வீட்டைக் கட்டப் படும் பாடு. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். தன் தாய் வீடு கட்டிய நாட்களின் நினைவுதான் அந்தக் கதைக்கு விதை என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். மட்டக்களப்புக் கரையில் தாயும் வீடும் பிரிக்க முடியாத சொற்கள். அந்தக் கரையை அறிந்தவர்களுக்கு இது வியப்பாயிராது.

எல்லாரும் வீட்டோடு மாப்பிள்ளை

தமிழ்நாட்டுச் சினிமாவில் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்றாலே சிரிப்புப் பாத்திரம். மாமனார் சோற்றைத் தின்று, மாமியார் சொல்லுக்கு ஆடும் கையாலாகாதவன். அந்தப் பகிடியை மருதமுனையில் வைத்துச் சொன்னால் எடுபடாது. அங்கே வாழும் மாப்பிள்ளைகள் பெரும்பாலும் அத்தனை பேரும் வீட்டோடு மாப்பிள்ளைகள்தான். பள்ளிவாசல் தலைவரும், பள்ளிக்கூட அதிபரும், சாறன் வியாபாரியும் பெண் வீட்டுக்கு வந்து குடியேறியவர்களே.

கல்முனை மாநகர சபை எல்லைக்குள், மட்டக்களப்பு வீதியும் கடலும் இருபுறமாக நெருக்கும் ஊர் மருதமுனை. கைத்தறிக்குப் பேர்போனது, மருதமுனைச் சாறனைத் தெரியாத முஸ்லிம் வீடு இலங்கையில் குறைவு. மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்கும் அப்பால்வரை நீளும் இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழமை ஒன்று உண்டு: குடி தாய்வழியில் வரும், வீடு மகளுக்குப் போகும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி ஆராய்ந்தது இதைத்தான்.

நடைமுறை இப்படி. மூத்த மகளுக்குக் காவின் (திருமண ஒப்பந்தம்) எழுதும்போது வாப்பாவும் உம்மாவும் தாங்கள் வாழ்ந்த வீட்டையே சீதனமாகக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்புறத்திலோ பக்கத்து வளவிலோ சிறிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. நாலு பெண்பிள்ளை பெற்றவர் நாலு தடவை குடிபெயர வேண்டும். அக்கா தங்கைகள் ஒரே வளவில் அடுத்தடுத்து வாழ்வார்கள். ஆண்கள் வெளியிலிருந்து வந்து சேர்வார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குள் 'சதி லீலாவதி'யை வைத்துப் பார்த்தால் கதை தலைகீழாகிறது. அருண் துரோகம் செய்துவிட்டான் என்று வைப்போம். வீட்டை விட்டுப் போக வேண்டியவன் அவன்தான். உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு கடப்படியைத் தாண்டினால் எங்கே போவான்? உம்மா வீட்டுக்குத்தான். ஆனால் உம்மா வீடு எப்போதோ தங்கச்சியின் சீதனமாகிவிட்டது. அங்கே இப்போது மச்சான் குடியிருக்கிறார். சொந்தத் தாயின் முற்றத்தில் விருந்தாளியாக ஒரு பாயைப் போட்டுப் படுக்க வேண்டியதுதான். கிரேசி மோகன் இந்தக் கரையில் பிறந்திருந்தால் வேறொரு படம் கிடைத்திருக்கும். இந்த வளவுகளில் பெண்ணின் முதல் பலம் சுற்றிலும் இருக்கும் உம்மா, சாச்சி, ராத்தாமார்தான். ஒரு மாப்பிள்ளை இரவு பிந்தி வந்தால் அதைக் கணக்கு வைக்கப் பத்துக் கண்கள் உண்டு.

இதைச் சொர்க்கம் என்று எழுதிவிடவும் முடியாது. ஒரு பெண்ணுக்கு வீடு என்பது இன்னும் பலருடைய உழைப்பு. தங்கச்சிக்கு வீடு கட்டி முடியும்வரை தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட நானாமார் இந்தக் கரையில் நிறைய. எழுபதுகளின் கடைசியிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களில் பலர் கொண்டுவந்த முதல் பணம் சீமெந்தும் கல்லுமாக மாறியது. வீடு கொடுக்க முடியாத வாப்பாவின் மகள் வயதைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருக்கிறாள். வீட்டோடு காசையும் கேட்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் குறைவில்லை. அந்தக் காசுக்குப் பெயர் கைக்கூலி. வேறெங்கும் லஞ்சத்தைக் குறிக்கும் இந்தச் சொல் இலங்கை முஸ்லிம் விவாகச் சட்டத்தின் ஆங்கில வாசகத்துக்குள்ளேயே தமிழ்ச் சொல்லாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. மனைவியின் உபயோகத்துக்காக மாப்பிள்ளை கையில் கொடுத்துவைத்த சொத்து என்பது சட்டத்தின் விளக்கம். பிரிந்தால் அதைத் திருப்பிக் கேட்டு அவள் முஸ்லிம் விவாக நீதிபதியான காதியிடம் போகலாம்.

வீடு அவளுக்கு, வாசல் அவனுக்கு

துரோகம் செய்த மாப்பிள்ளை வீட்டை விட்டுப் போன பிறகுதான் கதை சிக்கலாகிறது. வீடு மனைவியின் பெயரில் இருந்தாலும், கல்யாணத்தை முடிக்கும் வழி இருவருக்கும் ஒன்றல்ல. கணவன் தலாக் சொல்ல விரும்பினால் காரணம் காட்டத் தேவையில்லை. காதிக்கு அறிவித்து, சமரசம் பேச இடம்விட்டு, தவணைகள் கடந்தால் போதும். மனைவி பஸஹ் என்ற மணவிலக்கைக் கேட்டால் கணவனின் குற்றத்தைச் சாட்சியோடு நிறுவ வேண்டும். அந்தக் குற்றம் துரோகம் என்றால், ஊருக்கு முன்னே எதை, எப்படி நிறுவுவது? பல பெண்கள் அந்த வழியை விட்டுவிட்டு, தாங்களாகவே விட்டுக்கொடுத்துப் பெறும் குலாவை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அத்தாலின் கப்ரியேலுக்கு இல்லாத இன்னொரு சாத்தியமும் இங்கே உண்டு. கணவன் இரண்டாவதாக ஒருத்தியைச் சட்டப்படி மணக்கலாம். பிரெஞ்சுப் படத்தில் இரண்டு மணி நேரம் ஒளித்துவைக்க வேண்டிய செய்தி, இங்கே முப்பது நாள் முன்னறிவித்தலோடு நடக்கக்கூடிய காரியம். அந்த அறிவித்தல் போக வேண்டியது காதிக்கு. முதல் மனைவியின் சம்மதம் சட்டத்தில் கேட்கப்படவில்லை. எனவே இந்தக் கரையில் துரோகம் என்ற சொல்லின் எல்லையே வேறு. காவின் எழுதியாகிவிட்டால் அது சட்டத்துக்குத் துரோகமல்ல. வளவுக்குள் அதை யாரும் வேறு பெயரால் அழைப்பதுமில்லை.

பெட்டி: 1951 சட்டம், சில குறிப்புகள்

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம். சட்டத்தின்படி காதியாக ஆண் மட்டுமே நியமிக்கப்படலாம்.

சட்டம் எழுதப்பட்டபடி, விவாகப் பதிவில் மணமகளின் சார்பில் ஒப்பமிடுபவர் அவளுடைய வலீ, அதாவது பாதுகாவலர். குறைந்தபட்ச வயது என ஒன்று குறிக்கப்படவில்லை. 12 வயதுக்குக் கீழே என்றால் காதியின் அனுமதி வேண்டும்.

1978 யாப்பின் 16 ஆம் உறுப்புரை, முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது.

திருத்தம் பற்றி ஆராய 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 2018 சனவரியில் அறிக்கை கொடுத்தது. உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்தே கொடுத்தார்கள்.

இரண்டாம் மணம் என்ற இந்த வாசலை முஸ்லிம் அல்லாத பிறரும் பயன்படுத்தப் பார்த்ததுண்டு. ஒருதார மணச் சட்டத்தின்கீழ் கல்யாணம் செய்த சிலர், இரண்டாவது மணத்துக்காகவே இஸ்லாத்தைத் தழுவினார்கள். 1960களில் ரீட் வழக்கில் இங்கிலாந்துக் கோமறைக் கழகம் அதை அனுமதித்தது. 1997 இல் அபேசுந்தர வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம் அதை மறுத்தது. முதல் மணம் உயிரோடிருக்க, மதம் மாறிச் செய்த இரண்டாம் மணம் குற்றமே என்றது. அந்த வழக்கில் முதல் மனைவி கேட்டதும், அடிப்படையில், நான் எந்தச் சட்டத்தை நம்பி உன்னை மணந்தேனோ அதே சட்டத்துக்குள் நில் என்பதுதான்.

இந்தியாவிலும் ஒரு பழைய சட்டம் அண்மைக்காலம்வரை உயிரோடிருந்தது. பிறன் மனைவியோடு உறவு கொண்டவனைத் தண்டிக்கும் 497 ஆம் பிரிவு அது. ஆனால் அந்தக் கணவன் சம்மதித்திருந்தால் குற்றமில்லை! மனைவியை உடைமையாக எண்ணிய அந்தப் பிரிவை இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2018 செப்டெம்பர் 27 அன்று நீக்கினார்கள். இலங்கையில் துரோகம் குற்றவியல் விஷயமாக இல்லை. பொதுச் சட்டத்தின்கீழ் மணந்தவர்களுக்கு அது மணவிலக்குக்கு ஒரு காரணம்.

கடல் கொண்டுபோன உறுதி

அத்தாலின் படம் வந்த அதே 2004 இன் டிசெம்பர் 26 காலையில் மருதமுனையின் கரையோரத்தைச் சுனாமி துடைத்தெடுத்தது. உயிர்களோடு வீடுகளும் போயின. போனவை பெரும்பாலும் பெண்களின் வீடுகள், தாய் மகளுக்கு எழுதிவைத்தவை. கடலோரத்தில் திரும்பக் கட்டக் கூடாதென்று தடுப்பு வலயம் வந்தது. கிழக்கில் அதன் அகலம் 200 மீற்றர். உள்ளே புதுக் காணியில் புது வீடு கொடுத்தார்கள். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்றொரு கட்டம் இருந்தது. அலுவலர்கள் அதில் கணவனின் பெயரைக் கேட்டு எழுதினார்கள்.

கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்து வந்த உதவிக்காரர்களுக்கு அது சாதாரண நிரப்பல். இந்தக் கரைக்கு அது பெரிய மாற்றம். பல தலைமுறையாகப் பெண்வழியில் வந்த வீடு ஒரே கையெழுத்தில் ஆணுக்குப் போனது. அரச காணி என்றால் இன்னொரு இடர்ப்பாடும் இருந்தது. 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு வரிசையில் மகனுக்குப் பிறகுதான் மகள். கிழக்கின் பெண்கள் அமைப்புகள் கூட்டு உறுதி வேண்டுமென்று குரல் கொடுத்தன. மெக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்ஸும் சுனாமிக்குப் பிந்திய கிழக்கில் கண்டது, படிவம் என்ன சொன்னாலும் குடும்பங்கள் அந்தப் புது வீட்டையும் மகளின் சீதனமாகவே மனதில் எழுதிவைத்திருந்தார்கள் என்பதை. வழமை தோற்கவில்லை. ஆனால் மனதில் எழுதியதைக் காதியும் பார்ப்பதில்லை, மாவட்ட நீதிமன்றமும் பார்ப்பதில்லை. கணவனின் பெயரில் உள்ள வீட்டிலிருந்து வெளியேறுகிறவள் மனைவி. சினிமாவில் வரும் அந்தக் காட்சி, முன்பு நடக்க முடியாத ஊரில், ஒரு படிவத்தால் நடக்கக்கூடியதாயிற்று.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் ஆணுக்கு முன்னுரிமை தந்த வாரிசு வரிசையை 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நீக்கியிருக்கிறது. சுனாமி வீட்டுக்கு இன்னும் கணவனின் பெயரில் மட்டும் பத்திரம் வைத்திருக்கும் குடும்பங்கள், மகளுக்குக் காவின் நாள் குறிக்குமுன் பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவுக்கு ஒரு தடவை போய்வருவது நல்லது.